4 ஆண்டு ஒப்பந்தமா, 18 நாள் கூலியா?

பெற்றோர் கேள்விகளுக்குப் பதில் எழுதும் இந்தப் பகுதியில் இம்முறை ஒரு கற்பனைக் கடிதம். எழுதியவர் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து நெசவாளர். காலம் 1774 வசந்தம். தச்சு வேலை கற்று முடித்த 20 வயது மகன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போகத் துடிக்கிறான். கிரீனாக் துறைமுகத்துத் தரகரோ, "காசே வேண்டாம், ஒரு கையொப்பம் போதும்" என்கிறாராம். கடிதம்தான் கற்பனை. பதிலில் வரும் ஆட்களும் கணக்குகளும் நிஜம். நடந்ததைப் பின்னாலிருந்து பார்க்கும் வசதியும் எனக்கு இருக்கிறது. (அன்றைய பிரிட்டிஷ் நாணயத்தில் ஒரு பவுன் 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்.)

அன்புள்ள ஐயா,

பையனை அனுப்புங்கள். அந்தக் கையொப்பத்தை மட்டும் போடவிடாதீர்கள்.

அவன் ஏன் போக நினைக்கிறான் என்று நீங்கள் வியப்பதில்தான் எனக்கு வியப்பு. 1772இல் அயர் வங்கி கவிழ்ந்ததிலிருந்து உங்கள் ஊர்த் தறிகள் எப்படி ஓடுகின்றன என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். சென்ற ஆண்டு கூலிக்காக வேலைநிறுத்தம் செய்த பெய்ஸ்லி நெசவாளர்களே, கூட்டமாக அமெரிக்காவுக்குக் கிளம்பிவிடுவோம் என்று மிரட்டினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவன்.

இனி கணக்கு. உங்கள் நாட்டவரான பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இன்னும் இரண்டு ஆண்டில் வெளியிடப்போகும் நூலில் 1773ஆம் ஆண்டின் நியூயார்க் கூலியை எழுதுகிறார். வீட்டுத் தச்சருக்கு நாளொன்றுக்கு 8 ஷில்லிங். மயங்கிவிடாதீர்கள், அது அந்தக் குடியேற்றத்தின் நாணயம். உங்கள் ஸ்டெர்லிங்கில் நான்கரை ஷில்லிங்தான். தரகர்கள் பெரிய எண்ணை மட்டும் சொல்வார்கள். ஆனால் அந்தச் சிறிய எண்ணே போதுமானது: எடின்பரோவில் சாதாரணக் கூலியாள் பெறுவது நாளுக்கு 10 பென்ஸ் என்று அதே நூல் சொல்கிறது. கப்பல் தச்சருக்கு இன்னும் அதிகம், ஆறரை ஷில்லிங். தினமும் தரும் ஒரு பைண்ட் ரம்மின் விலையும் அதில் அடக்கம். அதை அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கப்பல் கட்டணம் 4 பவுன் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் ஒரு தச்சர் அதை 18 நாளில் சம்பாதித்துவிடுவார். தரகர் நீட்டும் தாளில் கையெழுத்திட்டால், அதே 4 பவுனுக்காக உங்கள் மகன் குறைந்தது நான்கு ஆண்டு இன்னொருவருக்கு ஊழியம் செய்ய வேண்டும். கரை இறங்கியதும் அந்தத் தாளை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். வாங்குபவரை அவன் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த ஒரு கணக்கைப் பையனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷெட்லாந்துக்காரர் ஜான் ஹாரோவர் இப்போது கடலில்தான் இருக்கிறார். வேலை தேடி லண்டன் வரை அலைந்து, கையில் காசில்லாமல் இந்த ஜனவரியில் நான்கு ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். வர்ஜீனியாவில் பள்ளி ஆசிரியர் வேலை. படுக்கை, சாப்பாடு, துணி துவைப்பு, நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 5 பவுன். அவருக்கு வாய்க்கப்போவது நல்ல முதலாளி. அப்படியும் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளுமுன் 1777இல் இறந்துவிடுவார். நல்ல முதலாளி வாய்க்காதவர்கள் ஓடிவிடுகிறார்கள். ஓடியவர்களின் அடையாளங்கள் செய்தித்தாளில் விளம்பரமாக வரும். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அப்படி ஓடப்போகும் இருவரில் ஒருவன் பிரிஸ்டல் தச்சன், மற்றவன் ஸ்காட்லாந்தில் பிறந்த செங்கல் தொழிலாளி. விளம்பரம் கொடுக்கப்போகிறவர் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற வர்ஜீனியப் பண்ணையார்.

4 பவுனுக்கு எங்கே போவது என்பீர்கள். உறவினரிடம் கடன் வாங்குங்கள், முடியாவிட்டால் இரண்டாவது தறியை விற்றுவிடுங்கள். விலை போகும்போதே விற்பது நல்லது.

எங்கே இறங்குவது? ஃபிலடெல்பியா அல்லது நியூயார்க். வர்ஜீனியாவும் தென் கரோலைனாவும் வேண்டாம். அங்கே தச்சு, கொல்லு வேலைகளில் பெரும்பகுதியை அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களிடம் வாங்குகிறார்கள். அவர்களை வாடகைக்கும் விடுகிறார்கள், கூலி உடைமையாளர் பைக்குப் போகிறது. அங்கே உங்கள் மகனுக்குக் கூலியும் நிற்காது, அதைப் பார்த்துப் பழகிப்போகும் மனமும் அவனுக்கு வர வேண்டாம். தவிர, கிளாஸ்கோ புகையிலை வணிகர்களிடம் பட்ட கடனால் வர்ஜீனியர்களுக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் மேல் எரிச்சல். எந்த ஊரானாலும் முதல் ஓராண்டு அரசியல் பேச்சில் வாய் திறக்காமல் இருக்கட்டும்.

தரகரை நம்பாதே என்றால் யாரை நம்புவது? பக்கத்து இஞ்சினனில் விசாரியுங்கள். அங்குள்ள விவசாயிகள் ஒரு சங்கம் அமைத்து, சென்ற ஆண்டு ஜேம்ஸ் வைட்லா, டேவிட் ஆலன் என்ற இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பி நிலம் பார்த்து வரச் சொன்னார்கள். அவர்கள் பல மாதம் சுற்றிவிட்டு, கடைசியில் ரைகேட் என்ற இடத்தில் ஜான் விதர்ஸ்பூனிடமிருந்து நிலம் வாங்கினார்கள். ஆம், 1768 வரை உங்கள் ஊர்த் தேவாலயத்தில் பிரசங்கம் செய்த அதே விதர்ஸ்பூன். இப்போது நியூஜெர்சிக் கல்லூரியின் தலைவர். காட்டை வெட்டி வயலாக்கும் பொறுமை உங்கள் மகனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் அந்தச் சங்கத்தில் சேர வேண்டாம். நேரில் பார்த்தவர்கள் எழுதும் கடிதங்களை மட்டும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அவனுக்குப் பெரியம்மை வந்து போயிருக்கிறதா? சென்ற ஆண்டு நோவா ஸ்கோஷியா போன ஹெக்டர் கப்பலில் அம்மையும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்து சுமார் 18 உயிர்களைக் கொண்டுபோயின. பயணம் பதினொரு வாரம். உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாவற்றையும் எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். பயிற்சி முடித்ததற்கு ஆசானின் கைப்பட ஒரு தாளும் வேண்டும்.

நீங்களும் தறியோடு கூடப் போகலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இங்கிருந்து போகும் துணியே அங்கே குவிந்து கிடக்கிறது.

கிரீனாக்கில் சுங்க அலுவலர் பெயர், வயது, தொழில், போகும் காரணம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வார். சென்ற டிசம்பரில் வந்த உத்தரவு அது. பயப்பட ஒன்றுமில்லை, இப்போதைக்கு எழுதுவார்களே தவிரத் தடுக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் குடியேறிகளின் கப்பல்களையே நிறுத்திவிடப்போகிறார்கள். ஆகவே இந்தக் கோடையிலேயே கிளம்பட்டும்.