அகலமான டயர் போட்டதால் காப்பீடு கிடைக்காதா?

கேள்வி: எங்களுடையது ஐந்து பேர் போகும் சிறிய எஸ்.யூ.வி. கம்பெனி கொடுத்த டயர் 215/60 ஆர் 16. தேய்ந்துபோனதால் மாற்றப் போனேன். "குடும்பத்தோடு ஹைவேயில் போகிறீர்கள், அகலமாகப் போட்டால் பிடிமானம் நன்றாக இருக்கும்" என்று சொல்லி, கடைக்காரர் நான்கு சக்கரத்துக்கும் 235/60 ஆர் 16 போட்டுவிட்டார். பில்லும் இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் லேசாக உரசும் சத்தம் வந்தது. போன மாதம் இரவில் கோவில்பட்டி அருகே நான்கு வழிச் சாலையில் மாடு குறுக்கே வர, ஒதுக்கியதில் வண்டி சென்டர் மீடியனில் மோதி நின்றது. பின்னால் வந்த பைக்காரர் எங்கள் வண்டியில் இடித்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். போலீஸ் வழக்குப் பதிவானது. மோட்டார் வாகன ஆய்வாளரும் வண்டியைப் பார்த்தார். வண்டிச் சேதத்துக்கான என் கிளெய்மை, "வாகனத்தில் அனுமதியற்ற மாற்றம்" என்று ஒரே வரியில் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. பைக்காரருக்கும் நான்தான் கையிலிருந்து கொடுக்க வேண்டுமா? டயர் கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா? மறு ஆய்வு கேட்பதற்கு முன் பழைய டயரை மாட்டிவிடச் சொல்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. பழைய டயரை மாட்டாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஏற்கெனவே வண்டியைப் படம் எடுத்திருப்பார், டயர் அளவைக் குறித்திருப்பார். இப்போது மாற்றினால், வெல்ல வாய்ப்புள்ள ஒரு கிளெய்ம் மோசடி கிளெய்மாக ஆகிவிடும். மோசடி என்று ஆனபின் எந்த மன்றமும் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காது. கிரிமினல் வழக்குக்கும் இடம் கொடுத்துவிடுவீர்கள். இப்போது வண்டியில் இருக்கும் நான்கு டயர்களும் உங்கள் சாட்சிகள். வொர்க்‌ஷாப்பில் கழற்றினாலும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாமல் வீட்டில் எடுத்து வையுங்கள்.

பைக்காரர் விஷயத்தில் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. மூன்றாம் நபருக்கான காப்பீடு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்திய ஒன்று. அதைக் கொடுக்காமல் தப்பிக்கக் காப்பீட்டு நிறுவனம் என்னென்ன காரணம் சொல்லலாம் என்பதையும் 150ஆம் பிரிவே வரையறுத்திருக்கிறது. உரிமம் இல்லாதவர் ஓட்டியது, பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு விட்டது, பந்தயம், குடித்துவிட்டு ஓட்டியது போன்றவை அதில் வரும். டயரின் அகலம் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டால் உங்களுக்குச் சம்மன் வரும். வந்த அன்றே அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வந்தவர் போதிய இடைவெளி விட்டு வந்தாரா என்பதும் அங்கே விசாரிக்கப்படும். அதுவரை இரக்கப்பட்டோ பயந்தோ "தப்பு என்னுடையதுதான்" என்று எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து நலம் விசாரிப்பது வேறு. அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

இனி உங்கள் வண்டிச் சேதம். இங்கேதான் உண்மையான சண்டை.

சொந்தச் சேதத்துக்கான காப்பீடு உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். மறுப்பதென்றால் எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். "அனுமதியற்ற மாற்றம்" என்ற ஒற்றை வரி போதாது. எந்த நிபந்தனை, பாலிசியின் எந்தப் பக்கம், அந்த மாற்றத்துக்கும் மீடியனில் மோதியதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, அவர்களின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் அதிலேயே கேளுங்கள். கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை. மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அதில் சொல்லாத ஒரு காரணத்தைப் பிற்பாடு வழக்கு மன்றத்தில் வந்து புதிதாகச் சொல்ல முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே அவர்கள் எழுதிய அந்த ஒற்றை வரி உங்களைவிட அவர்களைத்தான் அதிகம் கட்டிப்போடுகிறது.

தொடர்பு என்றேனே, அதற்கு உங்களிடம் இருக்கக்கூடிய மிக நல்ல ஆவணம் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. காயம் பட்ட விபத்துகளில் அவர் பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் பார்த்துவிட்டு, இயந்திரக் கோளாறால் விபத்து நடந்ததா இல்லையா என்று கடைசியில் எழுதுவார். "கோளாறு காரணமல்ல" என்று அவர் எழுதியிருந்தால் உங்கள் வழக்கில் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. முதல் தகவல் அறிக்கையில் மாடு குறுக்கே வந்தது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் வண்டியில் கூட வந்தவர்களின் வாக்குமூலத்திலாவது அது வர வேண்டும்.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். 215/60 என்றால் 215 மில்லிமீட்டர் அகலம், அதில் 60 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 16 அங்குல ரிம்மோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 664 மில்லிமீட்டர். 235/60 போட்டதும் அது 688 ஆகிறது. அகலத்தைக் கூட்டியவர் 60ஐ அப்படியே விட்டதால் உயரமும் 3.6 சதவீதம் கூடிவிட்டது. பழைய டயரில் உங்கள் மீட்டர் சரியாகவே காட்டியது என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 100 காட்டும்போது உண்மையான வேகம் 103 கிலோமீட்டருக்கும் மேல். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உரசியதற்கும் காரணம் இந்த அகலமும் உயரமும்தான். அதே 16 அங்குல ரிம்மில் 235/55 என்றால் உயரம் ஏறக்குறைய பழைய அளவே வந்திருக்கும். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் உரசல் எங்கே, எப்போது என்பது முக்கியம். பார்க்கிங்கில் முழுதாக ஒடிக்கும்போது உரசுவது ஒன்று. நேர் சாலையில் ஒதுக்கும்போது சக்கரம் சிக்குவது வேறு. நான்கு வழிச் சாலையில் மாட்டைக் கண்டு ஒதுக்கும்போது யாரும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிப்பதில்லை. முன்சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் லைனரில் தேய்ந்த தடம் எந்த இடத்தில் இருக்கிறது என்று வொர்க்‌ஷாப்பில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். உடைந்த பாகங்களோடு அந்த லைனரையும் தூக்கிப் போட்டுவிடப் போகிறார்கள், இன்றே சொல்லி வையுங்கள். டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் படம் எடுங்கள். 95 என்றிருந்தால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. ஹெச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை என்று பொருள். கம்பெனி டயரைவிட இது குறையாமல் இருந்தால், "வண்டியின் எடையைத் தாங்காத டயர்" என்ற வாதம் அடிபட்டுப் போகும். குறைவாக இருந்தால் நிலைமை சிக்கல்தான். அப்படியிருந்தால் மனு போடுவதற்கு முன் ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

சட்டப்படி இது "மாற்றம்" தானா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராக உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அதே 52ஆம் பிரிவின் விளக்கத்தில், "மாற்றம்" என்றால் வண்டியின் கட்டமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையே மாறுவது என்றிருக்கிறது. ரிம்மை மாற்றாமல் 20 மில்லிமீட்டர் அகலமான டயர் போட்டது அந்த விளக்கத்துக்குள் வராது என்பது என் கருத்து. உங்கள் மாடலின் உயர்ந்த வேரியன்ட்டுக்குக் கம்பெனியே இந்த அளவைக் கொடுத்திருந்தால் வாதம் இன்னும் பலமாகும். உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள். எந்த வேரியன்ட்டிலும் இல்லாத அளவு என்றால், போலீஸ் அபராதம் போட வாய்ப்பு உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். போட்டாலும் கிளெய்மை முழுதாக மறுக்க அதுவே காரணமாகிவிடாது. நிபந்தனை மீறல் இருந்த வழக்கிலேயே முழுமையாகக் கைவிரிக்காமல் நான்-ஸ்டாண்டர்டு முறையில், அதாவது தொகையைக் குறைத்து, ஒரு பகுதியையாவது கொடுக்க வேண்டும் என்று 2010இல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த முறையில் 75 சதவீதம் வரை கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. சமரசம் பேச வந்தால் இந்த எண் மனதில் இருக்கட்டும்.

குறைதீர்ப்பு அதிகாரி ஒரு மாதத்துக்குள் சரியான பதில் தராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம், போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார், அவர் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அங்கே திருப்தி இல்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்குக் கெடு இரண்டு ஆண்டு. ஆனால் முதலிலேயே ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டு ஆம்புட்ஸ்மேனிடமும் போக முடியாது. உங்கள் நிலையில் நான் ஆம்புட்ஸ்மேனையே முதலில் தேர்ந்தெடுப்பேன்.

அப்புறம், கடைக்காரர். கோபம் நியாயமானது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் "டயரால் விபத்து நடக்கவில்லை" என்கிறீர்கள். கடைக்காரர் மேல் போடும் வழக்கில் "இவர் போட்ட டயரால்தான் விபத்து" என்று சொன்னால், அந்த மனுவின் நகலையே எடுத்து நிறுவனத்தின் வக்கீல் உங்கள் முன் நீட்டுவார். இரண்டு கதைகளும் சேர்ந்து நிற்காது. ஒன்றைப் பிடியுங்கள், அது காப்பீடாகவே இருக்கட்டும். கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு உரிமையுள்ளது டயர் விலை மட்டும்: கம்பெனி அளவு எது என்று சொல்லாமல், உரசும் அளவை விற்றது சேவைக் குறைபாடு. விபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், பில் நகலை இணைத்து, டயருக்கான பணத்தை மட்டும் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பலாம். அதையும் ஆம்புட்ஸ்மேன் முடிவு வந்தபின் அனுப்பினால் போதும், இரண்டு ஆண்டுக் கெடு உங்களுக்கு இடம் கொடுக்கிறது.

வண்டி ரிப்பேராகி வெளியே வரும்போது டிரைவர் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே போடுங்கள். அகலம் கட்டாயம் வேண்டும் என்றால் உங்கள் மாடலின் உயர்ந்த வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் அளவை, அதற்குரிய ரிம்மோடு போடுங்கள். போடும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியில் அந்த மாற்றத்தைப் பதிவு செய்யும் எண்டார்ஸ்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள். டயர் பில்லில் அளவும், எடை எண்ணும், வண்டிப் பதிவு எண்ணும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.