போட்டியை விட்ட குதிரைக்குக் கொள்ளு எவ்வளவு?

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் சுல்தானுக்குப் பதினொரு வயது. பந்தயத்திலிருந்து விலகிய குதிரையை வாங்கி, தடை தாண்டும் போட்டிகளுக்குப் பழக்கினோம். ஐந்து ஆண்டுகளாக என் மகள் அவன்மேல்தான் போட்டியிட்டாள். இரண்டு மாதங்களுக்கு முன்பு இடது முன்னங்காலில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிந்துவிட்டது. இனித் தடை தாண்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து லாயத்தில்தான் நிற்கிறான். கதவை உதைக்கிறான், அவனைப் பராமரிக்கும் சைஸைக் கடிக்கப் பாய்கிறான், நாள் முழுவதும் தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறான். தீவனத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை. கொள்ளு, ஓட்ஸ், தவிடு என்று பழையபடி ஐந்து கிலோ, அதோடு கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். ஒரு சவாரிப் பள்ளி அவனைக் கேட்கிறது. கொடுத்துவிடலாமா? மகள் மறுபடி ஏற முடியுமா? அவள் இப்போது லாயத்துப் பக்கமே வருவதில்லை."

நீங்கள் 'அவன்' என்று எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, காலைப் பற்றியது அல்ல. 'தீவனத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை' என்பதுதான். கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்கள். சுல்தானுக்குக் கடிவாளம் போய்விட்டது, கொள்ளு மட்டும் அப்படியே நிற்கிறது. தினமும் ஓடித் தீர்த்த சக்தியை நான்கு சுவருக்குள் வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? கதவைத்தான் உதைப்பான்.

அதனால் முதலில் வயிறு. மனிதனுக்குச் சாப்பிடும்போது அமிலம் அதிகம் சுரக்கும். குதிரைக்கு இருபத்து நான்கு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிப்பது, புல்லை மென்று மென்று ஊறும் எச்சில். இரண்டு வேளை தானியமும் இடையில் வெறும் தொட்டியுமாக நின்றால் இரைப்பையில் புண் வரும். வயிற்றுப் புண் உள்ள குதிரை, பக்கத்தில் போனாலே காதை மடக்கும், கடிக்க வரும். சைஸ்மீது சுல்தானுக்குப் பகை எதுவும் இருக்காது. மருத்துவரிடம் இதையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தானியத்தைக் குறைப்பதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. இன்றே பாதிக்கும் கீழே கொண்டுவரலாம், சில நாட்களில் முழுவதுமாகவே நிறுத்தலாம். தாது உப்புக் கலவைக்கு ஒரு கைப்பிடித் தீவனம் போதும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைத்தான் பத்துப் பதினான்கு நாட்களில் மெதுவாகச் செய்ய வேண்டும். அவன் எடை 480 கிலோ என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு உலர் எடையில் ஏழு முதல் ஒன்பதரை கிலோ வரை புல் வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே ஒரு கட்டுப் பச்சைப்புல் போட்டுவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். வலைப்பையில் உலர்புல் இரவிலும் தொங்க வேண்டும்.

எந்தப் புல் என்பதில் கொங்கு நாட்டுக் குதிரைக்காரர்கள் தவறாமல் சறுக்குகிறார்கள். கோ-4 மாட்டுக்கு அருமையான புல். குதிரைக்கு அதுவே முழு உணவாகக் கூடாது. அந்த வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு, சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். நம் கொறங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், வளரும் கொழுக்கட்டைப்புல்லிலும் இதே சிக்கல் உண்டு. அதோடு பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் கொடுத்தால், உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவும். முகத்தெலும்பு வீங்கும், காரணம் தெரியாத நொண்டல் வரும். ஏற்கெனவே ஒரு கால் கெட்டவனுக்கு இது தேவையா? தவிட்டை நிறுத்துங்கள். அருகம்புல்லை உலர்த்திக் கொடுங்கள், கூடவே ஒன்றிரண்டு கிலோ உலர்ந்த குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனப்பயிர்). பெயரிலேயே குதிரை இருக்கிறது, அதில் சுண்ணாம்பும் நிறைய இருக்கிறது. ஆனால் இங்கே அதை மாட்டுக்குப் போட்டுவிட்டுக் குதிரைக்குத் தவிடு வைக்கிறார்கள்! பச்சைச் சோளப்பயிரை அறவே தவிருங்கள். அது குதிரையின் சிறுநீர்ப்பையையும் பின்னங்கால் நரம்புகளையும் கெடுக்கும்.

இனி கால். குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை என்பதே கிடையாது. எலும்பும் தோலும் தசைநாண்களும்தான். ஓடும்போது பின்புறத் தசைநாண், இழுத்துவிட்ட வில்லைப் போல நீண்டு சுருங்கும். நாலுகால் பாய்ச்சலில், அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகில் வரை நீளும். கிழிந்த இடத்தில் வளர்வது பழைய நார் அல்ல, தழும்பு. தழும்புக்கு அந்த நீட்சி இல்லை. மருத்துவர் தாண்டக் கூடாது என்றது அதனால்தான்.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. சில வாரங்களிலேயே நொண்டல் மறைந்துவிடும், வீக்கமும் சூடும் வடிந்துவிடும். கால் சரியாகிவிட்டது என்று அவிழ்த்து விடுவீர்கள். மூன்றே துள்ளலில் மறுபடி கிழியும். உள்ளே ஆறுவதற்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். கண்ணை நம்பாதீர்கள், அல்ட்ராசவுண்ட் படத்தை நம்புங்கள்.

அதற்காகச் சும்மா நிறுத்தி வைப்பதும் சிகிச்சை ஆகாது. அளவான நடைதான் தழும்பின் நார்களை ஒழுங்காக அடுக்குகிறது. ஸ்கேன் பார்த்து மருத்துவர் ஒப்புக்கொண்டால், கெட்டியான சமதரையில் கையில் பிடித்தபடி பத்து நிமிடம், காலை மாலை. மணல் வேண்டாம், புதையும் தரை தசைநாணை மேலும் இழுக்கும். பிடிப்பவர் தலைக்கவசமும் கையுறையும் அணியட்டும், ஏனென்றால் இரண்டு மாதம் அடைந்து கிடந்தவன் முதல் நாள் வாசலிலேயே இரண்டு கால்களில் எழக்கூடும். நடையை வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டலாம். பிறகு, லாயத்தைவிடச் சற்றே பெரிய அடைப்பு. தென்னந்தோப்பில் விடுவதெல்லாம் அதற்கப்புறம்தான். அதற்குள் வேலியில் அரளியோ ஆமணக்கோ இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். அரளி இலை ஒரு கைப்பிடி போதும், குதிரை செத்துவிடும்.

காயமில்லாத கால்களையும் தொட்டுப் பாருங்கள். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு, இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. உடைந்த கால் பெருமளவு தேறியது. ஆனால் பாரம் சுமந்த மற்றக் கால்களின் குளம்பில் அழற்சி வந்து, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. சுல்தானின் காயம் அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் குளம்பு சுட்டால், பாதத்துக்கு மேலே நாடி பலமாக அடித்தால், அன்றே கூப்பிடுங்கள். உடல் பெருத்தாலும் இதே நோய் வரும். ஐந்து கிலோ தானியத்தைக் கண்டு நான் பதறியதற்கு அதுவும் காரணம்.

தலையாட்டம் தனிமையின் வேலை. வழக்கமாகிவிட்டால் முழுதாகப் போகாது, குறைக்கலாம். பக்கத்தில் இன்னொரு குதிரை நிற்பது நல்லது. இல்லையென்றால் ஒரு வெள்ளாட்டைக் கட்டுங்கள். பந்தய லாயங்களில் பழைய வழக்கம் அது. பார்த்தால் சிரிப்பு வரும், பலன் இருக்கிறது.

சவாரிப் பள்ளிக்கு இந்த ஒரு வருடம் கொடுக்காதீர்கள். நல்லவர்களாகவே இருக்கட்டும்; பத்துப் பிள்ளைகள் மாறி மாறி ஏறும் இடத்தில் ஆறாத தசைநாண் தாங்காது. தாங்காத குதிரையை அவர்கள் அடுத்த கைக்கு விற்பார்கள், அதன்பின் அவன் எங்கே போனான் என்று உங்களுக்குத் தெரியவராது. நன்கு பராமரித்தால் குதிரை இருபத்தைந்து வயதைத் தாண்டும். இன்னும் பதினான்கு, பதினைந்து வருடச் செலவு என்பதை மறைக்க மாட்டேன். லாடம் கழற்றினாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், ஆண்டுதோறும் டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். இது முடியாது என்றால் ஒரு வருடம் கழித்து, கைமாற்றக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

மகள் ஏறலாமா? ஸ்கேன் நன்றாக வந்தால் ஒரு வருடம் கழித்து நடையும் மென்னோட்டமும், சமதரையில். அதுவரை? பயிற்சிக்கு ஐந்தரை மணிக்கு லாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்றால், அதே ஐந்தரைக்குப் பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள். குதிரை நேரத்தை மறக்காது. அந்த வேளையில் அவன் கதவருகே வந்து நிற்கிறானா என்று சைஸைக் கேளுங்கள், பதிலை அவளிடம் சொல்லுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

சேணத்தை விற்றுவிட்டால் அவள் மனம் ஆறும் என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். ஓட்டம் நின்றதும் முதுகுத் தசை வற்றும், வயிறு அகலும். வருடம் கழித்துப் பழைய சேணம் பொருந்துமா என்பதை அப்போது அவன் முதுகில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எண்ணெய் பூசி, காற்றோட்டமான இடத்தில் மாட்டி வையுங்கள். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும்.