மூச்சுக் கணக்கு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் நூலகச் சந்திப்பில் 1969இல் வந்த ‘மரூன்ட்’ என்ற படத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினீர்கள். பூமிக்குத் திரும்பும் நேரத்தில் கலத்தின் இயந்திரம் இயங்காமல் போய், மூன்று விண்வெளி வீரர்கள் மேலேயே மாட்டிக்கொள்ளும் கதை. சனிக்கிழமை இரவு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் ஒரே வாக்குவாதம்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் பாதியிலேயே கைப்பேசியை எடுத்துவிட்டான். “ரெண்டு மணி நேரமா பேசிக்கிட்டே இருக்காங்க” என்கிறான். வீரர்களின் மனைவிகளைக் காட்டிய விதம் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. ரஷ்யக் கலம் திடீரென்று வந்து நிற்பது சுத்த சினிமாத்தனம் என்றும் சொன்னார். என் மாமனார் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ, பிடித்ததா இல்லையா என்றே சொல்லத் தெரியவில்லை.

இதை ஏன் நல்ல படம் என்கிறீர்கள்? அப்புறம் இன்னொன்று. தலைவராக இருப்பவரின் விண்வெளி உடை கிழிகிறதே, அது விபத்தா, அவரே செய்துகொண்டதா? இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் சண்டை இன்னும் ஓயவில்லை.

அன்புடன்,
க., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் மகன் சொல்வது உண்மைதான். 134 நிமிடப் படத்தில் பெரும்பகுதி பேச்சு. கீழே ஒரு கட்டுப்பாட்டு அறை, மேலே ஆள் புரளக்கூட இடமில்லாத ஒரு கூண்டு, நடுவில் ரேடியோ. பின்னணி இசைகூடக் கிடையாது, கருவிகளின் சத்தம்தான். இயக்குநர் ஜான் ஸ்டர்ஜஸ் ஆறு ஆண்டுகளுக்கு முன், போர்க் கைதிகள் தப்பி ஓடும் ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தை எடுத்தவர். அந்த விறுவிறுப்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான், ஏனென்றால் இதில் தப்பி ஓட இடமே இல்லை. போதாததற்கு, குப்ரிக்கின் விண்வெளிப் படம் ‘2001’ முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அதைப் பார்த்த கண்ணுக்கு இதில் வீரர்கள் மிதக்கும் காட்சிகள் கயிற்றில் தொங்குவதுபோலத்தான் தெரியும். காட்சி நுட்பங்களுக்கான ஆஸ்கர் விருது அந்த முறை இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது என்று சொன்னால் உங்கள் மகன் நம்புவது கஷ்டம்.

உங்கள் மனைவியின் முதல் குறையையும் நான் மறுக்கப்போவதில்லை. லீ கிராண்ட் போன்ற ஒரு நடிகையைக் கூட்டி வந்து, கலங்கிய கண்ணோடு நிற்க மட்டும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

இருந்தாலும் இது எனக்குப் பெரிய படம். ஏன் என்று சொல்ல 1983க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரி 29, ஒரு சனிக்கிழமை. மாலை ஆறு மணிவாக்கில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல் ஒன்றின் உயரமான கோபுரம் செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் காரின் கம்பியில் மாட்டியது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். மேலும் நான்கு பெட்டிகளில் 13 பேர் அந்தரத்தில் தொங்கினார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அதற்குப் பக்கத்திலேயே, தெலுக் பிளாங்காவில் பத்தாவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அன்று இரவு எங்கள் புளோக்கில் யாரும் தூங்கவில்லை. அப்பா பெனியனோடு காரிடார் சுவரில் சாய்ந்து நின்றார். அம்மா கொடுத்த தே ஓ (பால் இல்லாத தேநீர்) அந்தச் சுவரின் மேலேயே ஆறிப்போய் இருந்தது. பார்க்க ஒன்றுமே இல்லை, இருட்டுதான். மணிக்கணக்காக எதுவும் நடக்கவில்லை.

“ஏம்ப்பா யாரும் ஒண்ணும் செய்ய மாட்டேங்கிறாங்க?” என்று கேட்டேன்.

“செஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க. கணக்குப் போடுறாங்க” என்றார்.

எத்தனை கணக்குகள் என்று பிறகுதான் புரிந்தது. அறுந்தது போக மிச்சமிருக்கும் கம்பி எவ்வளவு நேரம் தாங்கும், காற்று எப்படி வீசுகிறது, ஹெலிகாப்டர் விசிறியின் காற்று பட்டால் பெட்டி என்ன ஆகும். நள்ளிரவு தாண்டி ஆகாயப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. கயிற்றில் இறங்கி, ஒவ்வொருவராகத் தூக்கி, விடிவதற்குள் 13 பேரையும் மீட்டுவிட்டார்கள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து இந்தப் படம் டிவியில் வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். மாறாக, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆக்சிஜன் இன்னும் இத்தனை மணி நேரம் என்று படத்தில் சொல்லும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். உங்கள் மகன் போலவே நானும், சும்மா பேசிக்கொண்டே இருக்கிறார்களே என்று முணுமுணுத்தேன். அவர் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

படத்தின் உயிர் அந்தக் கணக்கில் இருக்கிறது. பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையங்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன, ஏறக்குறைய இங்கிருந்து கோலாலம்பூருக்குக் காரில் போகிற தூரம். கலம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அந்த வேகத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைக் குறைத்துவிட்டால் போதும், மீதியைக் காற்று மண்டலமே பார்த்துக்கொள்ளும். அந்தச் சின்னக் குறைப்பைச் செய்ய வேண்டிய இயந்திரம்தான் படத்தில் இயங்க மறுக்கிறது. வீடு காலடியில் தெரிகிறது, இறங்க வழியில்லை.

அடுத்தது மூச்சு. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். மூன்று பேருக்கு 20 மணி நேரம் வரும் ஆக்சிஜன் இரண்டு பேருக்கு 30 மணி நேரம் வரும். மீட்புக் கலம் 25ஆவது மணியில்தான் வந்து சேரும் என்றால்? படத்தில் இருப்பது இதே எண்கள் இல்லை, ஆனால் கேள்வி இதுதான். கீழே எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருக்கும், கிரிகரி பெக் நடித்த அதிகாரியைக் கல்நெஞ்சக்காரர் என்று பலர் சொல்வார்கள். சோதித்துப் பார்க்காத கலத்தை அவசரமாக அனுப்பினால் நாலாவது ஆளும் போய்விடுவார் என்பதால்தான் முதலில் மீட்பு முயற்சியே வேண்டாம் என்கிறார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. குடியரசுத் தலைவர் அதை மீறி உத்தரவிட்டதும், அதே மனிதர் அதே கவனத்தோடு வேலையைத் தொடங்குகிறார். புயலின் கண், அதாவது காற்று அடங்கியிருக்கும் அதன் நடுப்பகுதி, ஏவுதளத்தைக் கடக்கும் அந்தச் சிறு இடைவெளியில் ராக்கெட்டை ஏவுவது படத்தின் ஒரே ‘ஆக்‌ஷன்’ காட்சி. ஆனால் அதைவிட, ஆக்சிஜன் இருவருக்குத்தான் போதும் என்ற செய்தி ரேடியோவில் மேலே போகும் இடம்தான் என் வயிற்றைப் பிசைகிறது. யாரும் குரலை உயர்த்துவதில்லை.

படம் வெளிவந்து சில மாதங்களில், 1970 ஏப்ரல் 13 அன்று, நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பல்லோ 13இல் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. இரண்டு பேருக்காகச் செய்த நிலவு இறங்கு கலத்தில் மூன்று பேர் ஒண்டிக்கொண்டு நான்கு நாளில் வீடு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. கழுத்தை நெரித்தது அவர்களே வெளியே விட்ட கரியமில வாயு. தாய்க் கலத்தின் சதுர வடிகட்டியை, வட்ட வடிகட்டிக்காகச் செய்த அமைப்பில் பிளாஸ்டிக் பை, குழாய், அட்டை, ஒட்டுநாடா வைத்துப் பொருத்தினார்கள். அதைக் கீழே இருந்தவர்கள் முதலில் தாங்களே செய்து பார்த்துவிட்டு, வரி வரியாக ரேடியோவில் வாசித்தார்கள். பேச்சுதான் அவர்களைக் காப்பாற்றியது. உங்கள் மகனிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

ரஷ்யக் கலம் வருவது சினிமாத்தனம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆபத்தில் இருக்கும் விண்வெளி வீரர்களுக்கு உதவ வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 1968 டிசம்பரிலேயே நடப்புக்கு வந்துவிட்டது. 1975 ஜூலையில் அமெரிக்காவின் அப்பல்லோவும் ரஷ்யர்களின் சோயுஸும் விண்ணில் உண்மையாகவே இணைந்தன. படத்தில் அந்த ரஷ்யரால் யாரையும் ஏற்றிக்கொள்ள முடியாது, கலம் சின்னது. ஆக்சிஜன் மட்டும் கொடுக்க வருகிறார். மூச்சு முட்டி மயங்கிக் கிடக்கும் இருவருக்கும் அவர் கைஜாடை புரிவதில்லை. அந்தத் தவிப்பை நம்ப எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.

எட்டு நாளில் திரும்புவதாகப் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 286 நாள் கழித்து, 2025 மார்ச்சில், வேறொரு கலத்தில் இறங்கியதை நாமெல்லாம் பார்த்தோம். அவர்களுக்கு விண்வெளி நிலையத்தில் காற்றும் சாப்பாடும் இருந்தன. படத்தில் வருபவர்களும் ஒரு நிலையத்திலிருந்துதான் கிளம்பினார்கள், ஆனால் அங்கே திரும்பவும் அவர்களுக்கு எரிபொருள் இல்லை.

இனி அந்தக் கிழிசல். பழுது பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, மூன்று வீரர்களின் தலைவர் வெளியே போகிறார். பழுது பார்க்கவே முடியாது என்று அதற்கு முன்பே பலமுறை சொல்லியாகிவிட்டது. ஜீன் ஹாக்மன் நடித்த வீரர் நான் போகிறேன் என்று ஏற்கெனவே கேட்டு, இவர் மறுத்திருக்கிறார். போவதற்கு முன் எல்லாரையும் விண்வெளி உடை போட வைக்கிறார். உடையைக் கிழித்தது நீட்டிக்கொண்டிருந்த ஓர் உலோக முனை. படம் அதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. திரும்பி வரக்கூடாது என்று முடிவெடுத்துத்தான் அவர் கதவைத் திறந்தார் என்பது என் எண்ணம். முனை கிழிக்காவிட்டாலும் அவர் வந்திருக்க மாட்டார்.

அப்பாவிடம் இதே கேள்வியை மறுநாள் காலையில் கேட்டேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்: “சாகப் போறேன்னு சொன்னா மத்த ரெண்டு பேரும் விட்டிருப்பாங்களா? அதான் வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு.”

உங்கள் மாமனார் கண்ணைத் துடைத்தது எந்த இடத்தில் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்