பிட்புல், ராட்வைலர், போர்போல்: கெட்ட பெயர் நியாயமா? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாய்ப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். என்னிடம் வருவதில் பெரும்பாலானவை பெரிய உடம்புள்ள நாய்கள். குணம், பயிற்சி, பாதுகாப்பு பற்றிக் கேளுங்கள். நோய், மருந்து என்றால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சாட்ஸ்வர்த், ஒரு அம்மா: தம்பி, என் மருமகன் பிட்புல் குட்டி வாங்கி வந்திருக்கிறார். வீட்டில் 3 வயதுப் பேத்தி இருக்கிறாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அது அவ்வளவு பொல்லாத இனமா?

அம்மா, இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இந்த நாய் கடிக்குமா என்பது ஒன்று. கடித்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. ஊரில் நடக்கும் சண்டையெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது.

முதல் கேள்விக்கு இனத்தின் பெயர் பெரிதாகப் பதில் சொல்லாது. 2022-இல் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதம்தான் இனத்தால் வருகிறது என்று அதில் தெரிந்தது. மீதி எல்லாம் அந்த நாயின் தாய் தகப்பன், குட்டியாக இருந்தபோது பார்த்த உலகம், வளர்த்த கை, அன்றைக்கு இருந்த வலி அல்லது பயம்.

இரண்டாவது கேள்விக்கு இனம் நன்றாகவே பதில் சொல்லும். பிட்புல்லின் முன்னோர்களை இங்கிலாந்தில் காளையோடு மோத விட வளர்த்தார்கள். 1835-இல் சட்டம் அதைத் தடுத்தபோது, நாயோடு நாயை மோத விடும் சூதாட்டம் மறைவாக வளர்ந்தது. பிடித்தால் விடாத நாய், வலித்தாலும் பின்வாங்காத நாய், இவற்றைத்தான் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். மற்ற நாய்களைக் கண்டால் பாயும் குணம் சில வம்சங்களில் இன்னும் பலமாக இருக்கிறது. சின்ன நாய் கோபத்தில் கடித்தால் பெரும்பாலும் கட்டுப் போடுவதோடு முடியும். 30 கிலோ தசையுள்ள நாய் அதே கோபத்தில் கடித்து உதறினால் குழந்தை பிழைப்பதே கஷ்டம். அதனால் கெட்ட பெயரில் பாதி அநியாயம், பாதி நியாயம். அந்த நியாயமான பாதியை வளர்ப்பவர்கள் ஒத்துக்கொள்வதே இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். குட்டியின் மனசு திறந்திருக்கும் காலம் 3 வாரத்திலிருந்து ஏறத்தாழ 14 வாரம் வரை. அதற்குள் குழந்தைகள், குடை பிடித்தவர்கள், சக்கர நாற்காலி, பஸ் சத்தம், வேறு நாய்கள் எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்க்க வேண்டும். தடுப்பூசி முடியவில்லை என்றால் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். பேத்தி சாப்பிடும்போது நாய் பக்கத்தில் வேண்டாம், நாய் சாப்பிடும்போது பேத்தி பக்கத்தில் வேண்டாம். தூங்கும் நாயைத் தொடக் கூடாது. நாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். அடுப்பில் வைத்த பால் பொங்கத் திரும்பிப் பார்க்கும் நேரம் போதும். சின்னக் குழந்தைகளை நாய் கடிப்பது பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான், அதுவும் தெரிந்த நாய், பல சமயம் சொந்த வீட்டு நாய்.

பீனிக்ஸ்: பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. எந்த நாயின் தாடையிலும் அப்படி ஒரு பூட்டு கிடையாது. விடாமல் பிடிப்பது குணம், எலும்பின் அமைப்பு அல்ல.

டோங்காட்: அண்ணா, எங்கள் பகுதியில் திருட்டு அதிகம். காவலுக்கு போர்போல் நல்லதா, ராட்வைலர் நல்லதா?

இரண்டுமே வேலை செய்து பிழைத்த நாய்கள். ராட்வைலர் ஜெர்மனியின் ராட்வைல் நகரத்தில் மாடு ஓட்டிய, கசாப்புக்காரர்களின் வண்டி இழுத்த நாய். போர்போல் நம் நாட்டின் சொந்தச் சரக்கு. டச்சுக்காரர்கள் கொண்டு வந்த பெரிய நாய்களும், பின்னால் வந்த ஆங்கிலேய நாய்களும் பண்ணைகளில் கலந்து உருவானது. 1928-இல் டி பியர்ஸ் நிறுவனம் கிம்பர்லி வைரச் சுரங்கங்களின் காவலுக்கு புல்மாஸ்டிஃப் நாய்களை இறக்குமதி செய்தது. அந்த ரத்தமும் போர்போலில் சேர்ந்தது என்பார்கள். 1983-இல் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் செனிகால் ஊரில் இதற்கென்று ஒரு வளர்ப்போர் சங்கமே தொடங்கினார்கள். பண்ணையில் ஆள் இல்லாத இரவில் தானாக முடிவெடுத்துக் காவல் காத்த நாய் இது. வளர்ந்தால் 60, 70 கிலோ வரும்.

தானாக முடிவெடுக்கும் குணம்தான் நகரத்தில் சிக்கல். பண்ணையில் அது திருடனைத்தான் பார்க்கும். நம் தெருவில் தபால்காரர், தோட்டக்காரர், மின்சார மீட்டர் பார்க்க வருபவர், பிள்ளையின் பள்ளித் தோழர்கள் எல்லாரும் வருவார்கள். யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அதற்கு நீங்கள் கற்றுக் கொடுக்கவில்லை என்றால் அதுவே தீர்மானிக்கும்.

காவல் என்ற பெயரில் சங்கிலியில் கட்டி வைக்காதீர்கள். கட்டி வைத்த நாய் யாரோடும் பழகாது, ஓடித் தப்பிக்கவும் முடியாது, அதனால் பயந்தாலும் பாய்வதைத் தவிர வழி இல்லை. கூரையில் குரங்குகள் நாள் முழுக்க ஏறி இறங்குவதைக் கட்டிக் கிடந்தபடி பார்க்கும் நாய்க்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். 1962-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, துன்பப்படும் விதமாக நாயைக் கட்டி வைப்பது குற்றமும்கூட. உங்களுக்கு வேண்டியது சத்தம் போட்டு எழுப்பும் நாய் என்றால், அந்த வேலைக்குக் கலப்பு நாய் போதும். விலங்குகள் காப்பகத்தில் கேளுங்கள்.

வெருலம்: நல்ல ராட்வைலர் குட்டி என்ன விலைக்குக் கிடைக்கும்?

விலை எனக்குத் தெரியாத விஷயம். தாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

லெனேசியா: குழந்தைகளுக்கு எந்த இனம் பாதுகாப்பானது?

எந்த இனமும் இல்லை. மேலே சாட்ஸ்வர்த் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பீனிக்ஸ், இன்னொருவர்: ஐயா, நீங்கள் எல்லாம் வளர்ப்பவர்கள் பக்கம்தான் பேசுவீர்கள். 2022-இல் இந்த நாட்டில் எத்தனை குழந்தைகள் பிட்புல் கடித்துச் செத்தார்கள்? என் அண்ணன் மகளுக்குக் கன்னத்தில் தையல் போட்டிருக்கிறது. தடை செய்தால் என்ன?

பீட்டர்மரிட்ஸ்பர்க்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் 2 பிட்புல் வளர்க்கிறேன், ஒருவரையும் கடித்தது இல்லை. கெட்ட நாய் கிடையாது, கெட்ட வளர்ப்பவர்கள்தான் உண்டு.

பீனிக்ஸ்: அந்தக் கெட்ட வளர்ப்பவருக்குப் பக்கத்து வீட்டில் நாங்கள்தானே இருக்கிறோம்?

இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். முதலில், உங்கள் அண்ணன் மகள் நன்றாகக் குணமாக வேண்டும். அவள் இரவில் நாய்ச் சத்தம் கேட்டு எழுந்தால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மனநல ஆலோசனை கிடைத்தால் கூட்டிப் போங்கள்.

2022-இல் நடந்தவை எனக்கும் மறக்கவில்லை. ஸிஸ்வே குபேலோ அறக்கட்டளை பிட்புல் தடை கேட்டுத் தொடங்கிய மனுவில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கோபம் நியாயமான கோபம். பயந்துபோன பலர் அப்போது தங்கள் நாய்களைக் காப்பகங்களில் கொண்டுபோய் விட்டார்கள். வளர்க்கத் தகுதியில்லாத வீடுகளில் எத்தனை பலமான நாய்கள் இருந்தன என்பதை அதிலேயே பார்த்தோம்.

ஆனால் இனத்தைத் தடை செய்த நாடுகளில் என்ன நடந்தது? பிரிட்டனில் 1991-இல் பிட்புல் உட்பட 4 இனங்களைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு நாய்க்கடியோடு மருத்துவமனைக்கு வருவோர் குறையவில்லை, கூடினார்கள். பிட்புல் போனது, அதே ஆட்கள் எக்ஸ்எல் புல்லி என்ற இன்னும் பெரிய நாயை வளர்த்தார்கள், கடைசியில் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. நெதர்லாந்து 1993-இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடி குறையவில்லை என்று 2008-இல் எடுத்துவிட்டது. இந்தியாவில் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. நம் போர்போலும் அதில் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்னொரு சிக்கல், தெருவில் பார்க்கும் கலப்பு நாயைப் பார்த்து இது பிட்புல் என்று அதிகாரி எப்படிச் சொல்வார்? காப்பக ஊழியர்களே கண்ணால் பார்த்துச் சொன்ன இனமும் மரபணுச் சோதனை சொன்ன இனமும் பல முறை பொருந்தாமல் போயிருக்கின்றன.

பீட்டர்மரிட்ஸ்பர்க் தம்பி, உங்கள் நாய்கள் நல்லவையாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் அந்த வாக்கியத்தை இனிமேல் சொல்லாதீர்கள். காயப்பட்ட குழந்தையின் வீட்டாரிடம் அதைச் சொல்ல முடியுமா? கெட்ட வளர்ப்பவர் கையில் சின்ன நாய் இருந்தால் தொல்லை, உங்கள் நாய் இருந்தால் மரணம். அதனால்தான் வளர்ப்பவர் மேல் கட்டுப்பாடு வேண்டும் என்கிறேன்: கட்டாயக் கருத்தடை, பதிவு, உயரமான சுவர், வெளியே போகும்போது கயிறும் மஸிலும் (கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் கூடு), கொல்லைப்புறத்தில் குட்டி போட வைத்து விற்பவர்களுக்குத் தண்டனை. நாய்ச் சண்டைக்குப் போய் வேடிக்கை பார்ப்பதே நம் சட்டத்தில் குற்றம். அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினாலே மிக மோசமான வம்சங்கள் பெருகாது.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: மஸில் போட்டால் நாய்க்கு அவமானம் இல்லையா அண்ணா?

இல்லை. வாய் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை மாதிரியான மஸில் வாங்கி, தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் தானே மூக்கை நுழைக்கும்.

ஜொகானஸ்பர்க்: குழந்தைகளுக்குப் பாதுகாப்பான இனம் சொல்லுங்கள்.

லெனேசியாவுக்குச் சொன்ன பதில்தான். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது, இனி இதற்குப் பதில் எழுதப் போவதில்லை. நாயும் குழந்தையும் தனியாக இருக்கக் கூடாது.

ஐசிபிங்கோ: லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் மோட்டார் கேட் பாட்டரி தீர்ந்து, கேட் சரியாக மூடாமல் இருந்தது. எங்கள் நாய் வெளியே போய் ஒருவரைக் கடித்தது. எங்கள் மேல் தப்பு இல்லைதானே?

உங்கள் வழக்கை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பொதுவான நிலையைச் சொல்கிறேன். நம் நாட்டில் ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்த ஒரு விதி உண்டு. வீட்டு விலங்கு தானாகப் பாய்ந்து காயப்படுத்தினால், சொந்தக்காரர் கவனக்குறைவாக இருந்தாரா என்று பார்க்காமலே நஷ்டஈடு அவர் பொறுப்பு. ஜெஃப்ரீஸ் பே ஊரில் தெருவில் நடந்து போன ஒருவரை 3 நாய்கள் தாக்கி, அவர் ஒரு கையை இழந்தார். யாரோ வெளியாள் கேட்டைத் திறந்துவிட்டார் என்றார் சொந்தக்காரர். அது உண்மையாகவே இருந்தாலும் பொறுப்பு சொந்தக்காரருக்குத்தான் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. கவனக்குறைவு நிரூபணமானால் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. கேட்டுக்கும் நாய் இருக்கும் இடத்துக்கும் நடுவே கையால் பூட்டும் இரண்டாவது கதவு ஒன்று போடுங்கள்.

கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா? அதை நீங்கள் எழுதவில்லை. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் இருக்கிறது, அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டுவது, காப்பித்தூள் வைப்பது எதுவும் வேண்டாம். உங்கள் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா? போடுவது சட்டப்படி கட்டாயம், மாகாண விவசாயத் துறை முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள்.

மெரிபேங்க்: நாய்க்கு முதுகில் முடி கொட்டிச் சொறி வருகிறது.

கால்நடை மருத்துவர்.

ஷால்க்ராஸ்: தீபாவளி வந்தால் எங்கள் ராட்வைலருக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. போன வருடம் சுவரைத் தாண்டிவிட்டது.

பட்டாசு இரவில் நாயை முற்றத்தில் விடாதீர்கள். சாயங்காலமே நன்றாக நடத்திக் கூட்டி வந்து, வீட்டுக்குள் ஓர் அறையில் திரையை மூடி, டிவியோ பாட்டோ போட்டு, கூட ஒருவர் இருங்கள். நடுங்கும்போது தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்பது தப்பு, தாராளமாகத் தடவுங்கள். மருந்து தேவைப்படும் அளவு பயம் என்றால் சில வாரம் முன்னாலேயே மருத்துவரைப் பாருங்கள். நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவுக்கும் இதேதான். பயந்து ஓடும் பெரிய நாயைத் தெருவில் யாராவது பிடிக்கப் போனால் கடிக்கும், அடுத்த நாள் பேச்சில் அது "பொல்லாத ராட்வைலர்" ஆகிவிடும். கட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். சங்கிலியோடு சுவரைத் தாண்டி அதிலேயே தொங்கிச் செத்த நாய்கள் உண்டு.

பீனிக்ஸ், மூன்றாமவர்: தாடை பூட்டிக்கொண்டால் எப்படிப் பிரிப்பது?

பூட்டாது என்று மேலே எழுதியிருக்கிறேன். பிடித்துக்கொண்ட நாயை எதிர்ப்பக்கம் இழுக்காதீர்கள், சதை கிழியும். பலமான ஆள் ஒருவர் பின்னாலிருந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து மேல்நோக்கி முறுக்கி, மூச்சு வாங்க அது வாயைத் திறக்கும் நொடியில் விலக்க வேண்டும். தடியால் அடித்தால் இன்னும் இறுக்கும்.

சாட்ஸ்வர்த், அதே அம்மா: தம்பி, குட்டி நேற்று பேத்தியைப் பார்த்து உறுமியது. மருமகன் மூக்கில் ஒரு தட்டு தட்டினார், அடங்கிவிட்டது. சரிதானே?

சரியில்லை அம்மா, இதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். உறுமல்தான் அது கொடுக்கும் எச்சரிக்கை. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். "முன்னறிவிப்பே இல்லாமல் பாய்ந்தது" என்று சொல்லும் பல வீடுகளில் இப்படித்தான் நடந்திருக்கிறது. உறுமியபோது என்ன நடந்தது என்று பாருங்கள்: எலும்பு வைத்திருந்ததா, மூலையில் மாட்டிக்கொண்டதா, பேத்தி மேலே விழுந்தாளா? அந்த நேரத்தில் பேத்தியை அமைதியாகத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். உடம்பு விறைப்பது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக் கண் ஓரத்தில் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையெல்லாம் உறுமலுக்கு முன்னாலேயே வரும். மருமகனையும் குட்டியையும் சனிக்கிழமை காலையில் என்னிடம் அனுப்புங்கள், பேத்தியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.