வரைபடத்தில் திருத்த வேண்டிய இறக்கை

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஃபைபர் தண்ணீர்த்தொட்டி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். தென்னந்தோப்புகளுக்கான சிறு காற்றாலைக்கு, 3 மீட்டர் விட்டத்தில் சுழலும் இறக்கைகள் செய்யத் தொடங்கியிருக்கிறோம். பத்தில் நான்கு தேறுவதில்லை. பின்விளிம்பு பிளக்கிறது, அடிப்பகுதி வெளுக்கிறது, மூன்று இறக்கைகள் ஒரே எடையில் அமைவதே இல்லை. விலை கூடிய ரெசின் (கண்ணாடித் துணியில் ஊறி இறுகும் பிசின்) வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. நீங்கள் அனுப்பிய வரைபடம் காற்றின் ஓட்டத்தை மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாதது. ஆனால் மோல்டுக்குள் குனிந்து துணி விரிப்பவரின் கையை நினைத்து அதை யாரும் வரையவில்லை. திருத்தம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

முதலில், கழித்துப் போட்ட இறக்கை ஒன்றை நுனியிலிருந்து அரை மீட்டரில் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வாளையாறு பக்கம் ஒரு பட்டறையில் நான் அப்படி அறுத்தபோது, கண்ணாடித் துணி பின்விளிம்புக்கு ஒரு விரல் அகலம் முன்பே நின்றுவிட்டிருந்தது. அதற்கப்பால் வெறும் மஞ்சள் ரெசின். நகத்தால் நெம்பியதும் சில்லாகப் பெயர்ந்தது. கத்தி முனைபோல் மெலியும் இடுக்கில் துணி நுழையாது, ரெசின் மட்டும் தேங்கும். நார் இல்லாத ரெசினுக்கு வளையத் தெரியாது, வெடிக்கத்தான் தெரியும். நீங்கள் இருப்பதோ பாலக்காட்டுக் கணவாயின் வாயில். கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 1990-களிலேயே காற்றாலைகள் நிறுவியது இந்தக் காற்றை நம்பித்தான். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் இறக்கைக்கு ஓய்வே கிடையாது. மயிரிழை விரிசலாக இருப்பது பருவம் முடிவதற்குள் பிளவாகிவிடும்.

ஆகவே பின்விளிம்பைக் கூராக்காமல் 2 முதல் 3 மி.மீ. தடிப்பில் தட்டையாக முடியுங்கள். அதை ஒட்டி உட்புறம் குறைந்தது 20 மி.மீ. அகலத்துக்கு இறக்கையின் மேல், கீழ் ஓடுகள் இரண்டும் இணையாகப் படியும் ஒட்டுப்பட்டை ஒன்றை வரையுங்கள். பசை அங்கே சீரான கனத்தில் நிற்கும். சத்தம் சற்றுக் கூடலாம், மின்சாரத்தில் சிறிது குறையலாம். பிளக்காத இறக்கைக்கு அந்த விலை கொடுக்கலாம் என்பதே என் கருத்து. பெரிய காற்றாலை இறக்கைகளிலும் அடிப்பக்கத்தில் பின்விளிம்பைத் தட்டையாக முடிக்கும் வடிவங்கள் இருக்கின்றன.

அடுத்து, முறுக்கு. கணக்கு சொல்லும் வடிவம் அச்சை நெருங்க நெருங்க அகன்று, சடாரென்று முறுகும். துணி சுருங்குவது அங்கேதான். சுருங்கிய நார் பாரத்தைத் தாங்காது. இறக்கையின் உட்பாதி சுழன்று வளைக்கும் பரப்பு மொத்தத்தில் கால் பங்குதான், முக்கால் பங்கு வெளிப்பாதிக்குரியது. எனவே வெளிப்பாதியின் வளைவைக் காப்பாற்றி, உட்பாதியில் அகலத்தையும் முறுக்கையும் நேர்கோட்டில் மாற்றிவிடுங்கள். அடியை ஒரேயடியாக ஒடுக்கிவிடவும் கூடாது. மெல்லிய காற்றில் இறக்கையைக் கிளப்பிவிடும் விசையில் பெரும்பங்கு அந்த அகலத்திலிருந்துதான் வருகிறது.

அடிப்பகுதி வெளுப்பதற்குத் தொட்டிப் பழக்கம் காரணமாக இருக்கலாம். முழுக் கனத்தையும் ஒரே மூச்சில் ஏற்றினால் ரெசின் உள்ளுக்குள் கொதித்து அடுக்குகளைப் பிரித்துவிடும், பங்குனி வெயிலில் சொல்லவே வேண்டாம். பாதிக் கனம் ஏற்றி, ஆறவிட்டு, உப்புத்தாள் தேய்த்து மீதியை ஏற்றுங்கள். அடுக்குகள் எல்லாம் ஒரே கோட்டில் முடியாமல், ஒவ்வொன்றும் முந்தையதைவிட 25 மி.மீ. குட்டையாகப் படிப்படியாக இறங்கட்டும். அந்த அளவுகளை மோல்டின் விளிம்புச் சட்டத்திலேயே கோடு கிழித்து வையுங்கள். காகிதத்தைப் பார்த்து அளப்பவர் என்றாவது ஒருநாள் தவறுவார்.

எடை விஷயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். 3 கிலோ இறக்கை, எடைமையம் அச்சிலிருந்து அரை மீட்டர், நிமிடத்துக்கு 450 சுற்று என்று வைத்துக்கொண்டால் அடியிலுள்ள போல்ட்டுகளை அது ஏறத்தாழ 340 கிலோ விசையுடன் இழுக்கிறது. ஓர் இறக்கை மட்டும் 100 கிராம் கூடினால், 11 கிலோ விசை ஒவ்வொரு சுற்றிலும் கோபுரத்தை ஆட்டும். துணியை வெட்டியதும் நிறுத்துப் பாருங்கள், ரெசினையும் நிறுத்தே ஊற்றுங்கள். முடிந்த இறக்கையின் மொத்த எடையைக் குறித்துக்கொண்டு, அடித்துளையில் கம்பி கோத்துத் தாங்கி, நுனியைத் தராசில் வைத்து அதையும் குறியுங்கள். இரண்டு எண்களும் ஒத்துவரும் மூன்றையே ஒரு தொகுப்பாகச் சேர்க்க வேண்டும். சிறு வித்தியாசத்தைச் சரிக்கட்ட, இறக்கையின் நடுப்பகுதியில் இரு ஓடுகளுக்கிடையே தடுப்பு வைத்த சிறு அறை ஒன்றை இப்போதே வரைபடத்தில் விட்டுவிடுங்கள். எடை குறைந்த இறக்கையில் ரெசினில் குழைத்த ஈயக்குண்டுகளை அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.