பார்டர்லைன் சுகர்: வீட்டு மீட்டர் காட்டும் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது?

லேப் ரிப்போர்ட்டில் பார்டர்லைன் (நார்மலுக்கும் சர்க்கரை நோய்க்கும் இடைப்பட்ட நிலை) என்று வந்ததும் பலரும் முதலில் வாங்குவது ஒரு க்ளுக்கோமீட்டர். வாங்கிய ஒரு வாரத்திலேயே சந்தேகங்கள் வரிசை கட்டுகின்றன. அப்படி வந்த கேள்விகளுக்குத்தான் இந்த முறை பதில். எண்கள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கில் இருக்கின்றன. உங்கள் மீட்டர் 5.8, 6.4 என்று எம்மோல் கணக்கில் காட்டினால் அதை 18 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது மீட்டர். காலையில் ஒரே விரலில் அடுத்தடுத்து இரண்டு தடவை குத்திப் பார்த்தேன். முதலில் 108, அடுத்த நிமிடமே 121. இது பழுதான மீட்டரா? கடையில் கொடுத்து மாற்றச் சொல்லலாமா?

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், இது பழுது இல்லை. வீட்டு மீட்டர்களுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 15197. அதன் 2013 பதிப்பின்படி, சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது 95 சதவீத ரீடிங்குகள் லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 100க்குக் கீழே என்றால் 15 புள்ளிகளுக்குள். இதை உங்கள் எண்ணில் போட்டுப் பாருங்கள். ரத்தத்தில் உண்மையில் 110 இருக்கிறது என்றால், தரச் சான்று பெற்ற நல்ல மீட்டர்கூட 94 முதல் 126 வரை எதை வேண்டுமானாலும் காட்டலாம். 94 என்பது நார்மல், 110 பார்டர்லைன், 126 சர்க்கரை நோய்க்கான எல்லை. ஒரே சொட்டு ரத்தம் மூன்று பெயரும் வாங்கிவிடும்! அதனால்தான் எந்த டாக்டரும் வீட்டு மீட்டரை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவு செய்வதில்லை. கையிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். இன்சுலின் போடுபவருக்கு 220ஆ 240ஆ என்பது பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பார்டர்லைனில் இருப்பவருக்கு மொத்தக் கதையே 100க்கும் 125க்கும் நடுவில்தான் நடக்கிறது, மீட்டரின் பிழை எல்லையும் ஏறக்குறைய அதே அகலம்தான். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதி பதற்றம் போய்விடும்.

மீட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன் கையைக் கவனியுங்கள். பழம் நறுக்கிய விரல், இனிப்பு தொட்ட விரல், க்ரீம் தடவிய விரல் எல்லாமே ரீடிங்கை ஏற்றிக் காட்டலாம். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு குத்துங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துவிடும். கழுவ வழியில்லாத இடத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்கலாம். விரலைப் போட்டுப் பிழியாதீர்கள். அப்புறம் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பில் ரத்தம் முழுதாக ஏறியிருக்க வேண்டும், பாதி ஏறிய ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது.

இதெல்லாம் சரியாகச் செய்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே கம்பெனியின் கன்ட்ரோல் சொல்யூஷன், அதாவது மீட்டரைச் சோதிப்பதற்கென்றே வரும் சர்க்கரைக் கரைசல். அதை ஒரு சொட்டு வைத்தால் எந்த எல்லைக்குள் காட்ட வேண்டும் என்று பெரும்பாலும் ஸ்ட்ரிப் டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். புது டப்பா ஸ்ட்ரிப்பிலும் எல்லையைத் தாண்டிக் காட்டினால் அப்போது தாராளமாக வாரன்டி கேளுங்கள், அந்த இரண்டு ரீடிங்கையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். இன்னொன்று, அடுத்த முறை வெறும் வயிற்றில் லேபுக்குப் போகும்போது மீட்டரையும் எடுத்துப் போய், ரத்தம் எடுத்த கையோடு விரலிலும் குத்திப் பாருங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் மீட்டர் சரி. இதைச் சாப்பிட்ட பிறகு செய்யாதீர்கள், ஏன் என்று கீழே வருகிறது.

கேள்வி: இரவு படுக்கும்போது 102. ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும்தான். காலையில் 117. சாப்பிடாமலேயே சர்க்கரை எப்படி ஏறும்?

உங்கள் கல்லீரல் கொடுத்தது. நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும், அதைக் கல்லீரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடும்போது இன்னும் அதிகமாக விடும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். இன்சுலின் நன்றாக வேலை செய்கிறவருக்கு அது உடனே அடங்கிவிடும், பார்டர்லைனில் இருப்பவருக்குக் கல்லீரல் இன்சுலினின் பேச்சை அவ்வளவாகக் கேட்பதில்லை. அதனால்தான் நாள் முழுக்க ஒழுங்காக இருக்கும் எண் காலையில் மட்டும் முரண்டு பிடிக்கிறது. நேற்று இரவு என்ன தப்பு செய்தோம் என்று தட்டையே நினைத்துக் குமைய வேண்டாம். தூக்கம் கெட்ட இரவு, காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, மன உளைச்சல் இவையும் எண்ணை ஏற்றலாம்.

எழுந்து வெகு நேரம் கழித்துப் பார்த்தால் இன்னும் கூடுதலாகக் காட்டக்கூடும். “இன்னும் இரண்டு மணி நேரம் பட்டினி கிடந்தால் குறைந்துவிடும்” என்று காத்திருப்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். எழுந்ததும், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பாருங்கள். ஒரு வாரத்து எண்களை எழுதி, அளவு வாரியாக அடுக்கி, நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் 117, மறுநாள் 106 என்பதற்கு அர்த்தம் தேடாதீர்கள், அது மீட்டரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். போன மாத நடு எண் 114, இந்த மாதம் 105 என்றால் அதற்கு அர்த்தம் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100லிருந்தே பார்டர்லைன் என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 110லிருந்துதான் என்கிறது. 104 வந்த ஒருவருக்கு ஒரு லேப் நார்மல் என்றும் இன்னொரு லேப் பார்டர்லைன் என்றும் அச்சடித்துக் கொடுக்கலாம், இரண்டும் பொய் இல்லை.

கேள்வி: சாப்பிட்டு முடித்து 40 நிமிடத்தில் 168. எல்லை 140தானே? பயமாக இருக்கிறது.

140 என்பது இரண்டு மணி நேரத்துக்கான எண். நீங்கள் பார்த்தது ஏறக்குறைய உச்சியில் இருக்கும்போது. பெரும்பாலானவர்களுக்குச் சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேர வாக்கில் சர்க்கரை உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும். கடிகாரத்தை முதல் வாய் எடுத்து வைக்கும்போதே ஓட விட வேண்டும், கை கழுவும்போது அல்ல. 40 நிமிடத்தில் எடுத்த 168ஐ ஒப்பிட எந்த அட்டவணையும் கிடையாது, அதை விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. 140 முதல் 199 வரை பார்டர்லைன் என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்களே, அது 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்துக்கானது. வீட்டுச் சாப்பாட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. விரல் ரத்தம் வேறு, நரம்பு ரத்தம் வேறு. வெறும் வயிற்றில் இரண்டும் நெருங்கி இருக்கும். சாப்பிட்ட பிறகு விரலில் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொண்ட பிறகுதான் ரத்தம் கை நரம்புக்கு வந்து சேருகிறது. சாப்பிட்ட பிறகு மீட்டரையும் லேபையும் ஒப்பிடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஆனால் ஸ்ட்ரிப்பை உருப்படியாகச் செலவழிக்கும் இடமும் இந்தச் சாப்பாட்டுச் சோதனைதான். ஜோடியாகப் பாருங்கள்: சாப்பிடும் முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. வேறொரு நாள் அதே சாப்பாடு, அதே அளவு, ஆனால் சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடந்துவிட்டு மறுபடி ஜோடி. இன்னொரு நாள் மாவுச்சத்து பாதி. எதை மாற்றினால் ஏற்றம் குறைகிறது என்பது உங்கள் உடம்பே சொல்லும் பதில், புத்தகத்தில் இருப்பதைவிட எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வீட்டு எடை மெஷின் ஒரு கிலோ கூடக் காட்டினாலும் நீங்கள் இளைத்தது அதில் தெரியும் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். ஒரே மீட்டர், ஒரே டப்பா ஸ்ட்ரிப் என்று வைத்துக்கொண்டால் எண் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு தடவை வந்ததை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள், பத்துப் புள்ளி வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஹெச்பிஏ1சி (சில மாதச் சராசரியைக் காட்டும் லேப் டெஸ்ட்) 6.1 சதவீதம். ஆனால் என் மீட்டரில் சராசரி 109 என்று காட்டுகிறது. எது சரி?

6.1க்குச் சமமான சராசரி சுமார் 128. (28.7 ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் வரும்.) உங்கள் 109 எந்த நேரங்களில் எடுத்தவற்றின் சராசரி என்று பாருங்கள். காலையில் மட்டும் குத்தியிருந்தால் சாப்பிட்ட பிறகு ஏறியதெல்லாம் அந்தக் கணக்கிலேயே இல்லை. மீட்டர் காட்டும் சராசரி, நீங்கள் குத்திய நேரங்களின் சராசரி மட்டுமே. ஏ1சியோ கடந்த இரண்டு மூன்று மாதம், இரவும் பகலும் சேர்த்து, சமீபத்திய வாரங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சொல்கிறது.

ஏ1சியும் தவறலாம். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூடக் காட்டும். ரத்த இழப்பு, சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்கள், ரத்தம் ஏற்றிக்கொண்டது இவை இருந்தால் தப்பாகக் குறையலாம். ரத்தசோகை மீட்டரையும் விட்டுவைக்காது, பல மீட்டர்களில் ரீடிங் சற்று ஏறிவிடும். எனவே இரண்டும் ஒத்துப்போகவே இல்லை என்றால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: மீட்டர் வாங்கினால் ஸ்ட்ரிப் இலவசம் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? தினமும் பார்க்க வேண்டுமா? என் டாக்டர் வேண்டாம் என்கிறார்.

டாக்டர் சொல்வது சரிதான். பார்டர்லைனுக்குத் தினசரி குத்துவது பொதுவான பரிந்துரை இல்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது லேபில் பார்க்க வேண்டும் என்பதுதான். உங்களுக்கே தெரிந்துகொள்ள ஆசை என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கிப் பாருங்கள், போதும்.

அப்படிக் குறைவாகப் பார்ப்பவர் வாங்கும்போது மீட்டரின் விலையைப் பார்க்கவே வேண்டாம், காசு போவது ஸ்ட்ரிப்பில். சிறிய டப்பாவாகக் கிடைக்கிறதா, அல்லது ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் தனியாக உறையிட்டு வருகிறதா என்று பாருங்கள். பல டப்பாக்களுக்கு அச்சிட்ட காலாவதித் தேதி போக, திறந்த நாளிலிருந்து இத்தனை மாதம் என்று தனிக்கெடுவும் உண்டு. பெரிய டப்பாவை மலிவு என்று வாங்கி, கால்வாசி தீர்வதற்குள் கெடு முடிந்தால் மிச்சமெல்லாம் குப்பை. திறந்த தேதியை டப்பாவிலேயே எழுதிவிடுங்கள், மூடியை உடனே மூடுங்கள், வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள். பிறர் மிச்சம் வைத்த, பிரித்த ஸ்ட்ரிப்பை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். விரல் குத்தும் பேனாவை வீட்டு ஆட்களுக்குள்ளேகூடப் பகிரக் கூடாது, ரத்தத்தில் பரவும் தொற்று அதன் வழியாக வரும்.

கேள்வி: குத்தாமலேயே சுகர் காட்டும் வாட்ச், மோதிரம் விளம்பரம் வருகிறதே?

வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. கையில் ஒட்டி, சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சிஜிஎம் சென்சார் வேறு வகை, அதில் தோலுக்கடியில் மெல்லிய இழை போகிறது, வாட்ச் அந்த எண்ணைக் காட்ட மட்டும் செய்யும். சென்சார் உண்மையான கருவிதான், ஆனால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு நடுவில் உள்ள நீரை. அதனால் சில நிமிடம் பின்தங்கும், அதன்மேல் அழுத்திப் படுத்தால் தூக்கத்தில் பொய்யாகக் குறைந்தது போலக் காட்டும். சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் 140ஐத் தாண்டுவது உண்டு. ஒவ்வொரு மேட்டையும் பார்த்துப் பயப்படும் சுபாவம் என்றால் உங்களுக்கு அது வேண்டாம்.

கேள்வி: சரி, எந்த எண் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்?

கை கழுவிப் பார்த்தும் வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் பல நாள் வந்தால், அல்லது இரண்டு மணி நேரம் கழித்தும் 200ஐத் தொட்டால், அந்த வாரமே லேப் பரிசோதனைக்குப் போங்கள். 200க்கு மேல் போய், கூடவே அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது என்று இருந்தால் இன்னொரு ஸ்ட்ரிப் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போங்கள். வாந்தி, மயக்கம், மூச்சு வாங்குவது சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. மீட்டரையும் எழுதி வைத்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், எந்த நேரத்தில் எடுத்த எண் என்பது அதில் இருக்கட்டும்.