குவாரிக்கு எதிராக மனு: எந்த விதியைக் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேற்கே காப்புக்காட்டு மலை. அடிவாரத்தில் ஏற்கெனவே இரண்டு கல் குவாரி ஓடுகிறது. மூன்றாவதுக்கு அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ‘கனிமச் சட்டத்தைக் கடுமையாக்கு’ என்று கையெழுத்து வாங்கலாம் என்கிறார்கள் ஊர் இளைஞர்கள். மனுவை யாருக்கு எழுதுவது? – திண்டுக்கல் மாவட்ட வாசகர்

பதில்: கையெழுத்து வாங்குங்கள். ஆனால் ‘சட்டத்தைக் கடுமையாக்கு’ என்று மொட்டையாக எழுதினால் மனு மேசை மேசையாகச் சுற்றிவிட்டு உங்களிடமே வந்து சேரும். எந்த விதி என்று எழுத வேண்டும்.

ஜல்லிக்கு உடைக்கும் கல் சிறு கனிமம். அதற்கு விதி போடும் அதிகாரத்தை, 1957-ஆம் ஆண்டின் மத்தியக் கனிமச் சட்டம் 15-ஆவது பிரிவில் மாநில அரசுக்கே கொடுத்துவிட்டது. ஆகவே டெல்லிக்குத் தபால் செலவு வேண்டாம், மனு மாநில அரசுக்குத்தான். நீங்கள் பிடிக்க வேண்டியது தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959. அதிலும் 36-ஆவது விதி. எங்கெல்லாம் தோண்டக் கூடாது என்பது அதில்தான் இருக்கிறது.

2021 நவம்பரில் அந்த விதியைத் திருத்தி, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றது மாநில அரசு. 2022 டிசம்பரில் இன்னொரு திருத்தம் வந்தது. பட்டியலில் ‘காப்புக்காடு’ மட்டும் காணாமல் போனது. உங்கள் மலை விழுந்தது அந்த ஓட்டையில்தான். இதற்கெல்லாம் சட்டமன்றத்தில் மசோதா தேவையில்லை, அரசாணை போதும். அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்க்கவும் அதே அரசாணை போதும். மனுவில் இந்த ஒரு கோரிக்கையை மட்டும் வையுங்கள். கூடவே பத்துக் கோரிக்கை வைத்தால் முக்கியமானது அமுங்கிப்போகும்.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை நினைத்துக்கொண்டு டெல்லிக்குப் போகாதீர்கள். அங்கே பிரச்சினை டங்ஸ்டன். மத்தியக் கனிமச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு அதை ஏலம் விடுவது மத்திய அரசு. அதனால்தான் அந்த மக்கள் மத்திய அரசிடம் மோதினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த ஒரு ஏலம்தான் போனது, சட்டத் திருத்தம் அப்படியே இருக்கிறது.

சரி, விதி மாறும்வரை மூன்றாவது குவாரி காத்திருக்காது. அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 5 ஹெக்டேருக்குக் குறைந்த தனிக் குவாரி என்றால், அனுமதிக்கு முன் மக்களிடம் கருத்துக்கேட்புக் கூட்டமே இல்லாமல் போகலாம். ஆனால் 500 மீட்டர் இடைவெளிக்குள் இருக்கும் குவாரிகளைத் தொகுப்பாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். சர்வே எண்களை எடுத்து மூன்று குவாரியின் பரப்பையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். 5 ஹெக்டேரைத் தொட்டால் கூட்டம் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். கூட்டம் நடந்தால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. கடைசியில் கூட்டக் குறிப்பை வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குள் யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் பலர் கோஷம் போட்டார்கள், அது குறிப்பில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஒரு பெரியவர் கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு சித்திரையிலும் தண்ணீர் தொட்ட இடத்தில் முடிச்சு. குவாரி வந்த பிறகு முடிச்சு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று முழம் போட்டுக் காட்டினார். அது அப்படியே பதிவானது.

சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால், 30 நாளுக்குள் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அதனால் கொடுக்கிற ஒவ்வொரு மனுவுக்கும் நகலில் தேதியோடு சீல் வாங்கி வையுங்கள்.